பொறியியல் படிப்பில் பொதுப்பாடங்கள், எலெக்டிவ்கள்: சுலபமானதாகப் பார்த்துச் சீக்கிரம் முடித்துவிடலாமா?

திருகாணி:

வணக்கம். மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டுக்குப் போகிறேன். டிகிரிக்கு மொத்தம் 128 கிரெடிட். அதில் 24 பொதுக்கல்வி, 12 டெக்னிக்கல் எலெக்டிவ் (துறைக்குள் நாமே தேர்ந்தெடுப்பது), 6 ஃப்ரீ எலெக்டிவ் (எந்தத் துறையிலிருந்தும் எடுப்பது). பொதுக்கல்வியில் எழுத்துப் பயிற்சிப் பாடம் ஒன்றை (3 கிரெடிட்) மட்டும் முதல் ஆண்டில் முடித்தேன். மீதி 21 கிரெடிட், அதாவது ஏழு பாடம், அப்படியே நிற்கிறது.

என் திட்டம் இதுதான். சுலபம் என்று பெயர் வாங்கிய பாடங்களாகப் பொறுக்கி, வரும் இரண்டு செமஸ்டரிலேயே ஏழையும் முடித்துவிடுவது. ஜிபிஏ ஏறும். மூன்றாம் ஆண்டிலிருந்து மெக்கானிக்கல் மட்டும் நிம்மதியாகப் படிக்கலாம். சீனியர்கள் சிலர் இப்படித்தான் செய்ததாகச் சொல்கிறார்கள். இதில் ஓட்டை ஏதும் இருக்கிறதா?

கூடவே ஒரு புலம்பல். வெப்பப் பரிமாற்றம் படிக்க வந்தவனை எதற்குக் கலை வரலாற்று வகுப்பில் உட்கார வைக்கிறார்கள்?

மாறிலி:

புலம்பல் நியாயமானது. காரணம் காசு. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் கட்டணம் உண்டு, ஆள் வராத துறைகளுக்கும் வகுப்பை நிரப்ப வேண்டும், வேறென்ன? பிரிட்டனில் பிஇங், அதாவது பொறியியல் இளநிலைப் பட்டம், பெரும்பாலும் மூன்றே ஆண்டு. சேர்ந்த நாளிலிருந்து பொறியியல்தான். அங்கே பாலமெல்லாம் ஒழுங்காகத்தான் நிற்கிறது. சுலபமானதை எடு, கிரேடை வாங்கு, போய்க்கொண்டே இரு.

கம்பிக்கட்டு:

தம்பி, புலம்பலை அப்புறம் பார்ப்போம். முதலில் கணக்கு.

128ஐ எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 16. ஏழு பாடத்தை இரண்டு செமஸ்டரில் திணித்தால் ஒன்றில் நான்கு, மற்றதில் மூன்று. நான்கு எடுக்கும் செமஸ்டரில் 12 கிரெடிட் காலி. மிச்சத்தில் ஒரே ஒரு கோர் பாடத்துக்குத்தான் (துறையின் கட்டாயப் பாடம்) இடம். ஆனால் இரண்டாம் ஆண்டில்தான் நிலையியல், இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், வெப்ப இயக்கவியல், பொருள் வலிமை எல்லாம் வரிசையாக வரும். வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் முடிக்காதவனை வெப்பப் பரிமாற்றத்தில் சேர்க்க மாட்டார்கள். வெப்பப் பரிமாற்றம் இல்லாதவனைக் கடைசி ஆண்டு டிசைன் புராஜெக்டில் சேர்க்கத் தயங்குவார்கள். பல துறைகளில் கோர் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி தவறினால் ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு முழு ஆண்டே தள்ளிப்போகலாம்.

சரி, எப்படியோ சமாளித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் ஐந்து பாடமும் கணக்கு, லேப், ரிப்போர்ட். ஒரே வாரத்தில் மூன்று லேப் ரிப்போர்ட், இரண்டு மிட்டெர்ம். அப்போது ஒரு வரலாற்று வகுப்பு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும். அங்கே வேலை வேறு வகை: வாசிக்கலாம், படுத்துக்கொண்டே வாசிக்கலாம். ஐந்தாவது கணக்குத்தாள் களைப்பைத் தரும். மாற்று வகை வேலை அவ்வளவு களைப்பைத் தராது. அதனால் செமஸ்டருக்கு ஒன்று என்று பரப்பி வை. ஆறு செமஸ்டர் இருக்கிறது, ஏழு பாடம். ஏதோ ஒன்றில் மட்டும் இரண்டு.

திருகாணி:

அண்ணா, சங்கிலியை நான் யோசிக்கவே இல்லை. டிபார்ட்மென்ட் தாளில் அம்புக்குறி போட்ட படம் ஒன்று இருக்கிறது, இனி அதைப் பார்க்கிறேன். ஆனால் "ஏன்" என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஏட்டுச்சுரை:

பாடத்திட்டக் குழுக்களில் உட்கார்ந்த அனுபவம் உண்டு, அதனால் சொல்கிறேன். மாறிலி சொல்வது பாதி சரி. துறைகளுக்கு இடையே இழுபறி உண்டு, மாணவர் எண்ணிக்கை அதில் ஒரு காரணம்தான். ஆனால் இந்த ஏற்பாடு காசுக்காகப் பிறந்ததில்லை.

அமெரிக்காவில் 1955இல் வந்த கிரின்டர் அறிக்கையைப் பொறியியல் கல்வி பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். பட்டறைப் பயிற்சியும் கையேட்டுச் சூத்திரமும் போதாது, பொறியியலை அடிப்படை அறிவியலின் மேல் கட்ட வேண்டும் என்று வாதிட்ட அறிக்கை அது. அதே அறிக்கைதான் படிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மனிதவியலும் சமூக அறிவியலுமாக இருக்க வேண்டும் என்றது. எழுதியவர்கள் இலக்கியப் பேராசிரியர்கள் அல்ல, பொறியியல் கல்வியாளர்கள்.

பின்னாளில் அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு அரை ஆண்டு அளவுக்கு, அதாவது சுமார் 16 கிரெடிட், மனிதவியலும் சமூக அறிவியலும் கட்டாயம் என்று வைத்திருந்தது. 1990களின் கடைசியில் "பொறியியல் அளவுகோல் 2000" வந்தபோது அந்த எண் போய்விட்டது. இன்றைய விதியில் கணிதமும் அடிப்படை அறிவியலும் குறைந்தது 30 கிரெடிட், பொறியியல் பாடங்கள் குறைந்தது 45. இவை தவிர, தொழில்நுட்பப் பகுதிக்குத் துணைநிற்கும் விரிந்த கல்வி ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு எண் கிடையாது. ஆகவே "ஏபெட் கேட்கிறது, அதனால் 24" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 24 உன் பல்கலைக்கழகம் தானே போட்ட கணக்கு.

இடத்துக்கு இடம் அது மாறும். அமெரிக்காவின் எம்ஐடியில் எந்தத் துறை மாணவரும் மனிதவியல், கலை, சமூக அறிவியலில் 8 பாடம் முடித்தாக வேண்டும். இந்தியாவில் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் மொத்தம் 160 கிரெடிட், மேலாண்மையும் சேர்த்து மனிதவியலுக்கு 12, துறை எலெக்டிவுக்கு 18, ஓப்பன் எலெக்டிவுக்கு 18.

மாறிலி:

//எழுதியவர்கள் இலக்கியப் பேராசிரியர்கள் அல்ல//

இருக்கட்டும். பிரிட்டன் கேள்விக்குப் பதில் வரவில்லையே?

ஏட்டுச்சுரை:

வருகிறேன். 1989இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முதலில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளில் பிரிட்டனும் அமெரிக்காவும் உண்டு. ஒருவர் அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்றவர் ஏற்பது என்பது ஒப்பந்தம். அதன் கீழ் பட்டதாரியிடம் இருக்க வேண்டிய பண்புகளாகச் சொல்லப்பட்டவற்றில் தொழில் அறம், தகவல் தொடர்பு, சமூகத்தின் மேல் பொறியியலின் விளைவு எல்லாம் உண்டு. பிரிட்டனில் இவற்றை டிசைன் பாடத்துக்குள்ளேயே, குழு புராஜெக்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் தனி வகுப்பாக வைக்கிறார்கள். எது மேல் என்பது திறந்த கேள்விதான். எனக்கே இரண்டு மனது. பொறியியல் ஆசிரியர் நடத்தும் அறவியல் பெரும்பாலும் நான்கு ஸ்லைடில் முடிந்துவிடும்; தத்துவத் துறையில் நடத்தினால் பாலம், அணை எதையும் தொடாமலே செமஸ்டர் போய்விடும்.

வடிகட்டி:

ஈஈஈ (மின், மின்னணுப் பொறியியல்), கடைசி ஆண்டு. ஏன் என்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் என்னிடம் இல்லை. நான் செய்ததைச் சொல்கிறேன்.

பொதுப்பாடங்களை உதிரியாக எடுக்காமல் பொருளாதாரத்தில் வரிசையாக மூன்று எடுத்தேன்: நுண்பொருளாதாரம், தொழில்துறை அமைப்பு, அப்புறம் கட்டுப்பாட்டுக் கொள்கை பற்றி மேல்நிலைப் பாடம் ஒன்று. இன்டர்ன்ஷிப் மின்சாரச் சந்தை தொடர்பான இடத்தில் கிடைத்தது. சுமை ஏறும்போது எந்த மின்நிலையத்தை அடுத்ததாக இயக்குவது என்பது அங்கே விளிம்புச் செலவுக் கணக்கு, அதாவது இன்னும் ஒரு அலகு மின்சாரம் தயாரிக்க ஆகும் கூடுதல் செலவு. பவர் சிஸ்டம்ஸ் வகுப்பில் அதையே லக்ராஞ்ச் பெருக்கி என்ற கணித உத்தியாகப் படித்திருந்தேன். இரண்டும் ஒரே சமன்பாடு என்று அங்கேதான் உறைத்தது. கூட இருந்த மாணவர்களுக்குச் சூத்திரம் தெரியும், விலை ஏன் அப்படி வருகிறது என்று தெரியாது.

நான் வேறு மூன்று துறைகளில் மூன்று அறிமுகப் பாடம் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. அறிமுகப் பாடம் என்பது பெயர்களையும் வரையறைகளையும் மனப்பாடம் செய்வது. இரண்டாவது, மூன்றாவது பாடத்தில்தான் அந்தத் துறைக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரியும். எம்ஐடியிலும் அந்த எட்டில் மூன்று நான்கை ஒரே பிரிவில் எடுக்கச் சொல்கிறார்கள், காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இரவுக்காவலன்:

சுலபமான பாடம் பற்றி ஒரு வார்த்தை. முந்நூறு பேர் உட்காரும் உளவியல் அறிமுகம் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான சொற்களை நினைவில் வைத்துச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூத்திரத்திலிருந்து வருவித்துப் பழகிய நமக்கு அதுதான் கஷ்டம். என் வகுப்பில் இயக்கவியலில் ஏ வாங்கியவர்கள் அதில் பி வாங்கினார்கள்.

மாறிலி:

கட்டுரை எழுதும் பாடம் எடுத்தால் இப்போது ஏஐ எழுதித் தந்துவிடுமே. இனி அதுதான் சுலபம்.

இரவுக்காவலன்:

அதனால்தான் பல ஆசிரியர்கள் வகுப்பிலேயே கையால் எழுத வைக்கிறார்கள், இல்லையென்றால் எழுதியதை வாய்மொழியாக விளக்கச் சொல்கிறார்கள். போய் மாட்டிக்கொள்ளுங்கள்.

கம்பிக்கட்டு:

ஏன் என்ற கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த கதைதான். 1986 ஜனவரி 28. முந்தின இரவு தொலைபேசிக் கூட்டத்தில் அதன் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையக்கோல் நிறுவனத்துப் பொறியாளர்கள், குளிரில் ஓ-ரிங் (ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒழுங்காக அடைக்காது, 53 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு மறுத்துப் பேசியது, நிறுவன மேலாளர்கள் முடிவை மாற்றினார்கள், மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். எதிராளியை நம்பவைக்கும்படி சொல்லத் தெரிந்திருந்தால்? பேச்சும் எழுத்தும் பொறியியலுக்கு வெளியே இல்லை.

மாறிலி:

மன்னிக்கவும், இது உங்கள் கட்சிக்கு எதிரான உதாரணம். அந்த நிறுவனத்துப் பொறியாளர் ரோஜர் பாய்ஷோலி 1985 ஜூலையிலேயே மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினார். இப்படியே விட்டால் உயிரிழப்பில் முடியும் என்று தெளிவாக எழுதினார். அவருக்கு எழுத்துப் பயிற்சிப் பாடமா குறைவு? அவர் சொன்னது புரிந்துதான் மறுத்தார்கள். பழி அதிகாரத்தில் இருந்தவர்கள் மேல். இதற்காக ஒரு பையனை மூன்று செமஸ்டர் இலக்கிய வகுப்பில் உட்கார வைப்பது என்ன தர்க்கம்?

ஏட்டுச்சுரை:

இந்த இழையில் மாறிலி சொன்னதிலேயே வலுவானது இது. ஆனால் கதையில் இன்னொரு அடுக்கு இருக்கிறது.

அன்றிரவு விவாதத்தில் அடிபட்டவை பெரும்பாலும் ஓ-ரிங் சேதம் கண்ட முந்தைய விண்வெளி ஓடப் பயணங்கள். அவற்றை மட்டும் எடுத்து வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது: 53 பாகையில் சேதம், 75 பாகையிலும் சேதம். நாசா தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்து வரைந்தால் படம் மாறுகிறது. 65 பாகைக்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும் சேதம். அதற்கு மேலே பெரும்பாலானவற்றில் இல்லை. பிறகு விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் தன் அறிக்கையில் இதைப் படமாகவே போட்டது.

தரவுகளைப் படமாகக் காட்டுவது பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி இதை வைத்துப் பொறியாளர்களின் வரைபடங்களைக் கடுமையாக விமர்சித்தார். பாய்ஷோலியும் வேறு சிலரும் சேர்ந்து 2002இல் அதற்கு மறுப்பு எழுதினார்கள்: பொறியாளர்களின் நிலைமையை டஃப்டி தவறாகப் புரிந்துகொண்டார் என்று. எனக்கு அந்த மறுப்பு நியாயமாகவே படுகிறது. ஏவுவதற்குச் சில மணி நேரம் முன்னால், "பாதுகாப்பானது என்று நிரூபி" என்று கேட்க வேண்டியவர்கள் "ஆபத்து என்று நிரூபி" என்று தலைகீழாகக் கேட்டார்கள்.

திருகாணி, உன் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. இந்த ஒரு சம்பவத்தைப் புரிந்துகொள்ளவே புள்ளியியல் வேண்டும், நிறுவனங்களுக்குள் அதிகாரம் எப்படி நகர்கிறது என்ற சமூகவியல் வேண்டும், நிரூபிக்கும் சுமை யார் மேல் என்ற தர்க்கம் வேண்டும். ரப்பரின் மீள்தன்மை மட்டும் தெரிந்தால் போதாது. எந்தப் பொதுப்பாடம் உன்னை இந்த மாதிரிக் கேள்விக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் என்று பார்த்து எடு. கலை வரலாறு பிடிக்கவில்லையா, விடு. யாரும் அதையே எடுக்கச் சொல்லவில்லை, பட்டியலில் ஐம்பது பாடமாவது இருக்கும்.

மாறிலி:

அந்த மூன்று பாடமும் என்றால் சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் எடுப்பது அதையா? பட்டியலை அப்படியே திறந்து விட்டுவிட்டு விரிந்த கல்வி என்று பெயர் வைத்தால், மாணவன் சுலபமானதைத்தான் பொறுக்குவான். என் குறை இப்போதும் ஏற்பாட்டின் மேல்தான்.

ஏட்டுச்சுரை:

அதில் நமக்குள் சண்டை இல்லை.

அரைக்கோளம்:

தத்துவம் முடிந்ததா? வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவள் நான். விதித்தாளை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டிவந்தது. தம்பிக்குச் சில விஷயம்.

நீ சேர்ந்த ஆண்டின் விதிகள்தான் உனக்குப் பொருந்தும். சீனியர் சொல்வது அவர் ஆண்டின் விதி. அடுத்து, ஒரே பாடம் இரண்டு தேவையை நிறைவேற்றலாமா என்று பார். தொழில்நுட்ப வரலாறு மாதிரி ஒரு பாடம் மனிதவியலிலும் எழுத்துத் தேவையிலும் சேர்ந்து எண்ணப்படலாம். தேவைகள் இரண்டு முடியும், ஆனால் கிரெடிட் ஒரு முறைதான் சேரும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும், மொத்தத்தில் 3 கிரெடிட் குறையும், கடைசி செமஸ்டரில்தான் தெரியும்.

சில இடங்களில் பொதுப்பாடத்தில் சில மேல்நிலை எண்ணில் இருக்க வேண்டும் என்பார்கள். அறிமுகப் பாடமாகவே ஏழு எடுத்தால் அந்தத் தேவை நிறைவேறாமல் நிற்கும். பாஸ்/ஃபெயில் முறையில் எடுப்பதைப் பல இடங்களில் ஃப்ரீ எலெக்டிவுக்கு மட்டும்தான் அனுமதிக்கிறார்கள். பொதுக்கல்விக்கோ டெக்னிக்கல் எலெக்டிவுக்கோ செல்லாது. விடுமுறையில் வேறு கல்லூரியில் எடுத்தால் பெரும்பாலும் கிரெடிட் மட்டும் வரும், கிரேடு ஜிபிஏவில் சேராது. அதனால் ஜிபிஏ ஏற்றும் கனவு அங்கே பலிக்காது. எடுப்பதற்கு முன்னால், இது இந்தத் தேவைக்குச் செல்லும் என்று அட்வைசரிடம் மின்னஞ்சலில் வாங்கி வை. வாய்வார்த்தை அடுத்த அட்வைசருக்குத் தெரியாது.

திருகாணி:

அக்கா, மிக்க நன்றி. அந்த 3 கிரெடிட் விஷயம் எங்கள் தாளில் அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது.

டெக்னிக்கல் எலெக்டிவ் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எல்லோரும் மெஷின் லேர்னிங் எடுக்கிறார்கள்.

கம்பிக்கட்டு:

எனக்கு ஒரே அளவுகோல். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாததைக் கல்லூரியில் எடு. காற்றுச் சுரங்கம், அதிர்வுச் சோதனை, விலை அதிகமான மென்பொருள் உரிமம், திட்டித் திருத்த ஒரு ஆசிரியர், இவை வேலைக்குப் போனபின் கிடைக்காது. ஃபைனைட் எலெமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) அப்படி ஒன்று. மென்பொருள் எப்படியும் வண்ணப் படம் தந்துவிடும், அது தவறு என்று கண்டுபிடிக்க ஒருவர் சொல்லித்தர வேண்டும். மெஷின் லேர்னிங் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதற்குமுன் ஒரு ஒழுங்கான நிகழ்தகவு, புள்ளியியல் பாடம் எடு. அது இல்லாமல் எடுத்தவர்கள் நூலகக் கட்டளைகளைத்தான் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

வடிகட்டி:

வழிமொழிகிறேன். ஃப்ரீ எலெக்டிவ் ஆறில் மூன்றைப் புள்ளியியலுக்குக் கொடு. மீதி மூன்றை உனக்கு ஆசையானதற்கு வை, யாரையும் கேட்காதே. சிற்பமோ இசையோ, எதுவாக இருந்தாலும்.

திருகாணி:

சரி, திருத்திய திட்டம். செமஸ்டருக்கு ஒரு பொதுப்பாடம், கோர் கொஞ்சம் இலகுவாக இருக்கும் ஆறாவது செமஸ்டரில் மட்டும் இரண்டு. மூன்று ஒரே வரிசையில்: நுண்பொருளாதாரம், சுற்றுச்சூழல் பொருளாதாரம், ஆற்றல் கொள்கை (மேல்நிலை). நான் வெப்பப் பக்கம் போக நினைப்பதால் இந்த வரிசை பொருந்தும் என்று நினைக்கிறேன். பொறியியல் அறவியல் ஒன்று. தொழில்நுட்ப வரலாறு ஒன்று, அது எழுத்துத் தேவைக்கும் செல்லும். மீதி இரண்டை இப்போது முடிவு செய்யவில்லை. ஃப்ரீ எலெக்டிவில் புள்ளியியல் அடுத்த செமஸ்டரிலேயே.

மாறிலி:

கலை வரலாறு இல்லாமல் தப்பிவிட்டாய். வாழ்த்துகள்.

அரைக்கோளம்:

ஆற்றல் கொள்கைக்கு முன்தேவை என்ன என்று பார்த்தாயா? மேல்நிலைப் பொருளாதாரப் பாடத்துக்குச் சில இடங்களில் இடைநிலை நுண்பொருளாதாரம் கேட்பார்கள். அப்படியென்றால் உன் மூன்று நான்காகும்.

திருகாணி:

பார்த்துவிட்டேன் அக்கா. அறிமுகமே போதுமாம். ஆனால் ஆண்டின் முதல் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கிறது, அதுவும் மூன்றாம் ஆண்டில் பாய்ம இயக்கவியல் லேப் நேரத்தோடு மோதுகிறது. நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவிட்டு அட்வைசருக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.

கம்பிக்கட்டு:

நல்லது. பதில் வரும்வரை அறவியலுக்கு இடம் பிடித்து வை, அது சீக்கிரம் நிரம்பிவிடும்.